பொறித்த சின்னத்தை அழிக்காதீர்கள்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, சங்கச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் வெள்ளித் தொழிலின் மூத்தவர்களே, நேரம் கடந்தும் காட்சிக்கூடத்தைப் பூட்டாமல் காத்திருக்கும் காப்பாளர் அவர்களே, பொன்னாடை போர்த்திய நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். நன்றி சொல்லியே நேரம் போய்விடும் என்று தலைவர் மணியின் மேல் கை வைத்துவிட்டார். விஷயத்துக்கு வருகிறேன்.

குலச் சின்னம் பொறித்த பழைய இங்கிலாந்து மேஜைக் கத்திகள். கைப்பிடி, சின்னம், முத்திரை என்று மூன்றைப் பற்றிப் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள்.

வெள்ளிக் கத்தி என்கிறோம். வெட்டும் அலகு எஃகுதான். பழக் கத்திக்கோ அலகும் வெள்ளியில் இருக்கும், பழப்புளிப்பு எஃகைக் கறுக்க வைக்கும் என்பதால். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கத்தித் தொழில் நகரமான ஷெஃபீல்டில் மெல்லிய வெள்ளித் தகட்டை அச்சில் அடித்து, இரண்டு பாதிகளைப் பற்றவைத்துக் கைப்பிடி செய்தார்கள். உள்ளே வெற்றிடம். அதில் பிசினும் கீலும், அதாவது தார் போன்ற கரிய பசையும், கலந்த கலவையை உருக்கி ஊற்றி, கைப்பிடிக்குள் நுழையும் அலகின் வாலைச் சூடாக இறக்கினார்கள். கையில் கனக்கிறதே என்று மொத்தமும் வெள்ளி என நினைத்து எடை போட்டு வாங்குபவர் ஏமாறுவார். ஆழம் தெரியாமல் காலை விடாதே!

இதைக் கொதிநீரில் போட்டால் கலவை இளகி விரியும், பற்றவைத்த விளிம்பு பிளக்கும், அலகு ஆடும். பாத்திரம் கழுவும் இயந்திரம் இதற்கு எமன். ஜாடியில் வெதுவெதுப்பான நீர் விட்டு, கைப்பிடி நீருக்கு மேலே இருக்கும்படி அலகை மட்டும் நிறுத்துங்கள். ஊற விடாமல் உடனே துடைத்துவிடுங்கள்.

அடுத்தது சின்னம். முறுக்கிய துணிச்சுருளின் மேல் ஒரு சிங்கத்தலை, அல்லது வாளேந்திய கை. ஒரே சின்னத்தைப் பல குடும்பங்கள் வைத்திருந்தன. சின்னத்தை மட்டும் பார்த்து இன்ன பிரபுவின் கத்தி என்று விலை ஏற்றுகிறார்கள் பாருங்கள், அங்கேயும் அதே பழமொழிதான். பிரிட்டனில் சின்னம் வைத்துக்கொள்ள 1798 முதல் 1944 வரை வரி கட்டினார்கள். காசு கட்டிக் காத்ததை நாம் இலவசமாகச் சுரண்டி அழிக்கிறோம்!

முத்திரை, அதாவது வெள்ளியின் தரத்தையும் வரியையும் காட்ட அதில் அடிக்கும் குறி, பெரிய கடல். நடக்கும் சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங், அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. அரசர் தலை இருந்தால் 1784க்கும் 1890க்கும் இடையில் வெள்ளிக்கான வரி செலுத்திய பொருள். மீதியைப் பிறகு பார்ப்போம்.

இடையில் ஒரு கதை, துருப்பிடிக்காத எஃகு பிறந்த கதை. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்றொருவர். துப்பாக்கிக் குழல் தேயாதிருக்க எஃகு தேடியவர். 1913 ஆகஸ்டில் 12.8 சதவீதம் குரோமியம் கலந்து ஒரு வார்ப்பு எடுத்தார். சோதனைக்காக அமிலத்தில் அரிக்கப் பார்த்தால் அரிக்க மறுக்கிறது! கத்திக்கு ஆகுமே என்று கத்திக்காரர்களிடம் போனார். அவர்கள் சிரித்தார்கள். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று கேலி வேறு. (சிரிப்பு) கடைசியில் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழிற்சாலை மேலாளர் அந்த எஃகை வினிகரில் போட்டுப் பார்த்தார், கறை படியவில்லை. துணிந்து கத்தி அடித்தால் கருவிகளெல்லாம் மழுங்கின. அடுத்த முறை கத்தி கல்லாய் இறுகி நொறுங்கியது. பிரியர்லியே உலைப் பக்கத்தில் நின்று சூட்டைச் சரிபார்த்த பிறகுதான் கத்தி கத்தியாயிற்று. (கைதட்டல்)

பெருமைப்பட வேண்டிய கதைதான். ஆனால் அதன் விளைவாக, பழைய அலகுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் துருப்பிடிக்காத அலகு மாட்டுகிறார்கள். கத்தி செய்தவரின் பெயர் அந்தப் பழைய அலகில்தான் அடித்திருக்கும். அது போனால் பாதி வரலாறு போயிற்று.

அதைவிடக் கொடுமை சின்னத்தை அழிப்பது. பொறிப்பின் ஆழத்துக்கு வெள்ளியை ராவினால் மெல்லிய தகட்டில் மிச்சம் என்ன இருக்கும்? கட்டைவிரலால் அழுத்துங்கள், அந்த இடம் உள்வாங்கும். வாயால் ஊதுங்கள், அழித்த கோடு ஆவியில் தெரியும். ஆழம் தெரியாமல் உளியை விட்டால் கைப்பிடி ஓட்டையாகும், உள்ளே இருக்கும் கீல் எட்டிப் பார்க்கும்.

ஆகவே ஒரு தீர்மானம் முன்மொழிகிறேன்: சின்னம் அழிக்கப்பட்டதா, அலகு மாற்றப்பட்டதா என்ற இரண்டையும் விற்பவர் ரசீதில் எழுதித் தர வேண்டும். வழிமொழியச் செயலாளர் அவர்களை அழைக்கிறேன்.