கால்வாய் வாயில் ஒரு குட்டை

நேயர்களுக்குக் காலை வணக்கம். இன்று ஞாயிற்றுக்கிழமை. பினாங்கில் பல வீடுகளில் இந்நேரம் துண்டு, மாற்றுத்துணி, நாசி லெமாக் பொட்டலமெல்லாம் காரில் ஏறியிருக்கும். பத்து ஃபிரிங்கியோ, தஞ்சோங் பூங்காவோ, போய் வாருங்கள். அதற்குமுன் ஒரு விஷயம் கேட்டுவிட்டுப் போங்கள்.

நான் பல வருடம் ஆய்வகத்தில் கடல்நீரைச் சோதித்தவள். ஒருநாள் காலை மாதிரி எடுக்கக் கரைக்குப் போயிருந்தேன். முதல்நாள் ராத்திரி நல்ல மழை. கால்வாய் வந்து கடலில் சேருகிற இடத்தில் மணலுக்கு நடுவே ஒரு குட்டை, கணுக்கால் அளவுத் தண்ணீர். அதில் ஒரு பாட்டி தன் பேரனை உட்கார வைத்திருந்தார். "அலை இல்லாத எடமாப் பாத்து உக்கார வச்சிருக்கேம்மா, இங்க பயமில்ல" என்றார். பையன் பிளாஸ்டிக் கோப்பையில் மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தான். வாய்க்குள்ளும் போனது. பாட்டி அசட்டையாக இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. கரை முழுக்கப் பார்த்துத்தான் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறார். தண்ணீரும் தெளிவாகத்தான் இருந்தது. தெளிவாகத்தான் இருக்கும், அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

தெளிவாகத் தெரிந்தாலும், மழையில் கால்வாய் வழியாகக் கழிவுநீர் இந்தக் குட்டைக்கு வந்திருக்கலாம் என்று நான் சொன்னதும் பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "இத யாரும் சொல்லலியே" என்றார்.

அன்று நான் மாதிரி எடுக்க வேண்டிய இடம் அங்கிருந்து கொஞ்சம் தள்ளி. மனசு கேட்காமல் அந்தக் குட்டையிலும் ஒரு போத்தல் பிடித்தேன். நாங்கள் தேடுவது என்டெரோகாக்கஸ் என்கிற நுண்ணுயிரி. மனிதர், விலங்குகளின் குடலில் வாழ்வது. அது இருந்தால் கழிவுநீர் கலந்திருக்கலாம், அதோடு வயிற்றுப்போக்குக் கிருமிகளும் வந்திருக்கலாம் என்று அர்த்தம். நீரை வடிகட்டி, அந்த மெல்லிய தாளை 41 டிகிரி சூட்டில் 24 மணி நேரம் வைத்தால், ஒவ்வொன்றும் நீல வளையம் கட்டிய புள்ளியாக வளரும். வழக்கமான இடத்துத் தாளில் எண்ணிவிடலாம் போலச் சில புள்ளிகள். குட்டைத் தாளில் எண்ணவே முடியவில்லை, ஒரே நீலம்.

ஆனால் பாருங்கள், அந்த எண் என் கைக்கு வந்தது மறுநாள். பையன் குளித்து முடித்து ஒரு நாள் ஆகிவிட்டது! இந்த முறையில் நாம் அளப்பது எப்போதும் நேற்றைய கடலைத்தான். அதனால்தான் சொல்கிறேன், மழை பெய்தால் ஒன்றிரண்டு நாள் பொறுங்கள். கால்வாய் வாயிலிருந்து தள்ளிப் போங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2003-இல் தந்த வழிகாட்டியில், 95 சதவீத மாதிரிகளில் இந்த நுண்ணுயிரி 100 மில்லிலிட்டருக்கு 40-க்குள் இருந்தால், குளிப்பவருக்கு வயிற்றுக்கோளாறு வருவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அந்த அளவு 500-ஐத் தாண்டினால் நூற்றில் பத்துக்கும் மேல்.

எனக்கு ஒரே ஆசை. ஒவ்வொரு கால்வாய் வாயிலும் ஒரு பலகை. மலாயில், சீனத்தில், தமிழில். அந்தப் பாட்டி படிக்கிற மாதிரி, பெரிய எழுத்தில்.

மாசிமகத்துக்குத் தெலுக் பாஹாங் கடலில் இறங்குகிறவர்களுக்கும், மணலைப் பற்றியும் நிறையச் சொல்ல நினைத்தேன், நேரமாகிவிட்டதென்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். ஈரமணலிலும் இந்தக் கிருமிகள் தங்கும். சாப்பிடுமுன் பிள்ளைகளுக்குக் குழாய்த் தண்ணீரில், சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள். வணக்கம்.