‘வரலைங்க மேடம்’

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம். கல்லூரியில் முதன்முதலாக ப்ரோகிராமிங் படிக்கிற பிள்ளைகளுக்காகப் பேசுங்கள், ஆனால் பாடம் நடத்திவிடாதீர்கள் என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில் 14 வருசமாகக் கம்ப்யூட்டர் லேபில் நின்று காலம் தள்ளுகிறவள் நான், பாடம் நடத்தாமல் பேசுவது சிரமம்தான், பார்க்கலாம்.

லேபில் நான் அதிகம் கேட்கிற வார்த்தை ‘வரலைங்க மேடம்’. என்ன வரவில்லை என்று கேட்டால் ‘ஒண்ணுமே வரலைங்க’. அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது. போன வருசம் அந்தியூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் இப்படித்தான் வந்து நின்றான். வீட்டில் மஞ்சள் போடுகிறவர்கள். இரண்டு மூட்டையின் எடையை வாங்கிக் கூட்டிச் சொல்கிற மாதிரி, பைத்தான் என்கிற ப்ரோகிராமிங் மொழியில் சின்னதாக ஒரு ப்ரோகிராம் எழுதியிருந்தான். முதல் மூட்டைக்கு 50 என்று அடித்தான், இரண்டாவதற்கும் 50. திரையில் 5050 என்று வந்தது. ‘நான் எழுதுனது சரிதானுங்க, கம்ப்யூட்டருக்குத்தான் கூட்டத் தெரியலைங்க’ என்றான், ரொம்ப நிதானமாக.

விசயம் இதுதான்: பைத்தானில் ‘இன்புட்’ என்று கேட்டு வாங்குவதெல்லாம் எழுத்தாகத்தான் வந்து சேரும், எண்ணாக இல்லை. எழுத்தையும் எழுத்தையும் கூட்டச் சொன்னால் அது பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைக்கும். ‘இன்ட்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து எண்ணாக மாற்றிவிட்டால் 100 வந்துவிடும். 2 நிமிச வேலை. ஆனால் இதை அவன் என்னிடம் கேட்டது 16 நாள் கழித்து. அதற்குள் வகுப்பில் ‘இஃப்’ முடிந்து, ‘ஃபார்’ முடிந்து, ‘வைல்’ ஆரம்பித்திருந்தது. அந்த 16 நாளும் தனக்கு இந்தப் படிப்பு ஆகாது என்று ஒரு முடிவோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தானாம்.

எங்கள் அப்பா சென்னிமலையில் தறி ஓட்டினவர். பவர்லூமில் பாவு இழை ஒன்று அறுந்தால் தறியை நிறுத்தி, இழையைப் பிணைத்துவிட்டுத்தான் திரும்ப ஓட்ட வேண்டும். கவனிக்காமல் விட்டால் தறி பாட்டுக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும், துணியும் வந்துகொண்டிருக்கும், ஆனால் நெடுக ஒரு கோடு விழுந்திருக்கும், துணியை விரித்துப் பார்க்கிற அன்றைக்குக் கூலியில் பிடிப்பார்கள். இந்தப் படிப்பும் அப்படி. வரலாற்றுப் பாடத்தில் ஒரு அத்தியாயம் விட்டுப்போனால் அடுத்ததைப் படித்துக்கொள்ளலாம். இங்கே மூன்றாம் வாரத்தில் விட்டது ஏழாம் வாரத்தில் வந்து நிற்கும். (தறியைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், போர்வையில் பூ விழ வைக்கிற ஜக்கார்டு பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகள் இருக்கும் இல்லையா, 1804-ல் பிரான்சில் வந்த பெட்டி அது. பிற்பாடு கம்ப்யூட்டருக்கும் ஓட்டை போட்ட அட்டையில்தான் ப்ரோகிராம் கொடுத்தார்கள். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இது அன்னியமான சமாச்சாரம் ஒன்றுமில்லை.)

சரி, கேட்பதற்கு ஏன் இவ்வளவு தயக்கம்? எனக்குத் தெரியும், நானே அப்படி இருந்தவள்தான். முதல் வருசம் சி மொழி லேபில் பத்து வரி ப்ரோகிராமுக்கு 23 எரர் வந்தது. கையைத் தூக்கிக் கேட்டேன். அன்றைக்கு இருந்த ஆசிரியர் திரையைக்கூடப் பார்க்காமல், ‘தமிழ் மீடியமா? அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அந்த செமஸ்டர் முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. அரியர் விழுந்தது. ஹாஸ்டலில் ஒரு சீனியர் அக்காதான் அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, ‘முதல் எரரை மட்டும் பாரு, மத்ததை விட்டுடு’ என்றார். ஒரு வரியின் கடைசியில் போட வேண்டிய செமிகோலனைப் போடாமல் விட்டிருந்தேன். அதைப் போட்டதும் 23-ம் காணாமல் போயிற்று.

இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சி படிக்கிறவர்கள் மேலே முதலில் இருக்கிற எரரைப் படியுங்கள், பல நேரம் மற்றதெல்லாம் அதன் வால். அது காட்டுகிற வரியில் தப்பு தெரியவில்லை என்றால் அதற்கு முந்தின வரியையும் பாருங்கள். பைத்தானில் தலைகீழ், கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும், என்ன தப்பு என்பது அங்கேதான் இருக்கும். எரர் வருகிற சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் திரையில் அந்த ஜன்னலை மூடுகிற பழக்கம் நிறையப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. அந்தச் சிவப்பு எழுத்து திட்டு இல்லை, தகவல்.

கேட்கிற முறை என்று ஒன்றும் இருக்கிறது. ராத்திரி 11:40-க்கு எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும். திரையைச் சாய்த்து எடுத்தது, பாதியில் டியூப்லைட் வெளிச்சம், எரர் வருகிற இடம் மட்டும் சரியாக வெட்டுப்பட்டிருக்கும். கீழே ‘நாட் ஒர்க்கிங் மேடம்’. இதற்கு யாரால் என்ன சொல்ல முடியும்? நான் என்ன எழுதினேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது, இந்த மூன்றையும் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள், ப்ரோகிராமையும் போட்டோவாக இல்லாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள். பாதிப் பேர் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ‘கண்டுபிடிச்சுட்டேனுங்க மேடம்’ என்று விட்டுவிடுவார்கள், அதுதான் எனக்கும் நிம்மதி.

ஆசிரியரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் இரண்டு பேராகப் போங்கள். சீனியர்களை விடாதீர்கள், போன வருசம் இதே இடத்தில் தடுக்கி விழுந்தவர்கள் அவர்கள்தான். ஆங்கிலம் தடையாக இருந்தால் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியல் தளத்தில் தமிழிலேயே பாடங்கள் இருக்கின்றன. ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துகிற என்பிடெல் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், வாராவாரம் பயிற்சி வைப்பார்கள். லேப்டாப் இல்லையா, போனில் கூகுள் கோலாப் தளத்தைத் திறந்து பைத்தான் ஓட்டிப் பாருங்கள், விரல் வலிக்கும், ஆனால் ஓடும்.

சில பாடத்திட்டத்தில் முதல் அலகிலேயே ஹனோய் கோபுரக் கணக்கை வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்தே பாதிப் பேர் மிரள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, இருந்தாலும் வந்துவிட்டது. வீட்டில் பெரிசு, நடுத்தரம், சின்னது என்று மூன்று வட்டலை எடுத்து அடுக்குங்கள். அந்த அடுக்கை அப்படியே இன்னொரு இடத்துக்கு மாற்ற வேண்டும். மொத்தம் மூன்று இடம், ஒரு தடவைக்கு ஒன்று, பெரிசைச் சின்னதின் மேல் வைக்கக் கூடாது. 7 தடவையில் மாற்றிவிடலாம். கை பழகின பிறகு புத்தகத்தைத் திறங்கள்.

சாட்ஜிபிடி மாதிரியானவற்றைப் பற்றிக் கேட்காத பிள்ளை இல்லை. வேண்டாம் என்று சொன்னால் கேட்கப் போகிறீர்களா? ‘இந்த எரருக்கு என்ன அர்த்தம்’ என்று கேளுங்கள், ‘ப்ரோகிராம் எழுதிக் கொடு’ என்று கேட்காதீர்கள். அது சொன்னதைப் படித்துவிட்டு மூடிவைத்து, பார்க்காமல் நீங்களே ஒரு தடவை அடியுங்கள். மாடல் எக்ஸாமில் வெறும் திரை முன்னால் உட்கார்கிறபோது கைவிரலுக்குத் தெரிந்ததுதான் வரும்.

ஏற்கெனவே நாலு வாரம் பின்தங்கிவிட்டேன் என்கிறவர்கள் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், நடத்திக்கொண்டிருக்கிற பாடத்தை விரட்டிப் பிடிக்கவும் பார்க்காதீர்கள். யாரையும் பார்க்காமல் நீங்களாகவே கடைசியாக எழுதி ஓட்டின ப்ரோகிராம் எது? அங்கேதான் உங்கள் இழை அறுந்திருக்கிறது, அங்கிருந்து தினமும் அரைமணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக அஞ்சு மணி நேரம் உட்கார்கிறேன் என்பதெல்லாம் நடக்காது, ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருத்தர் வீட்டு விசேசம் வந்துவிடும். லேபுக்கு மட்டும், ஒன்றும் புரியாவிட்டாலும், வந்துவிடுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. பீஸ் கட்டியிருக்கிறோம், உனக்கு என்ன குறை என்று ஆரம்பித்தால் பிள்ளை அதோடு பேச்சை நிறுத்திவிடும். இன்றைக்கு எங்கே சிக்கினது என்று கேளுங்கள், புரியாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருங்கள், அது சொல்லச் சொல்ல அதற்கே தெளியும்.

அந்த மஞ்சள் மூட்டைப் பையன் ‘இன்ட்’ போட்டு 100 வந்ததும் போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான். ‘மேடம், ஐம்பதரைக் கிலோன்னு 50.5 போட்டேனுங்க, நின்னுபோச்சு. கடைசி வரியில வேல்யூ எரர்னு இருக்குதுங்க. இன்ட்டுக்குப் புள்ளி வெச்ச எண் ஆகாதுங்களா?’ ஆகாதப்பா, அதற்கு ‘ஃப்ளோட்’ என்றேன். இந்தத் தடவை 16 நிமிசம்கூட ஆகியிருக்காது.

நன்றி, வணக்கம்.