ரியானனின் குதிரையை எப்படிப் பிடிப்பது? வேல்ஸ் தொன்மங்கள் கேம் ஆகும்போது

(திரையில்: மாலை வெளிச்சம். புல் படர்ந்த ஒரு மேடு. கீழே மண்சாலையில் வெளிர்நிறக் குதிரை ஒன்று நடந்துபோகிறது. அதன்மேல் பொன்னிறப் பட்டு உடுத்திய ஒரு பெண்.)

நீங்கள் டவெட் நாட்டு அரசன் பூய்ல். அந்தப் பெண் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கன்ட்ரோலரில் ஓட்டப் பட்டனை அழுத்துகிறீர்கள். நாட்டிலேயே வேகமான குதிரை உங்களுடையதுதான். ஆனால் எவ்வளவு வேகமாக விரட்டுகிறீர்களோ, அவ்வளவுக்கு அவள் விலகிப் போகிறாள். அவளுடைய குதிரையோ ஒரு முறைகூட ஓடவில்லை. அதே நடை.

கதையில் இந்த விரட்டல் மூன்று நாள் நடக்கிறது. முதல் நாள் ஒருவன் நடந்தே பின்தொடர்ந்து பார்க்கிறான், முடியாமல் திரும்பிவந்து குதிரை எடுத்துக்கொண்டு போகிறான். இரண்டாம் நாள் ஓர் இளைஞன். மூன்றாம் நாள் அரசனே கிளம்புகிறான். குதிரை களைத்துப்போன பிறகுதான் பூய்ல் வாயைத் திறக்கிறான். நீ மிகவும் நேசிப்பவன் பேரில் கேட்கிறேன், நில் என்கிறான். அவள் உடனே நிற்கிறாள். மகிழ்ச்சியாக நிற்கிறேன், இதை முன்னாலேயே கேட்டிருந்தால் உன் குதிரைக்கு நன்றாக இருந்திருக்கும் என்கிறாள். அவள் பெயர் ரியானன்.

ஒரு கேம் வடிவமைப்பாளருக்கு இதைவிட நல்ல காட்சியை யாரும் எழுதித் தர முடியாது. "பேசு" என்ற பட்டன் முதல் நாளிலிருந்தே திரையின் ஓரத்தில் இருக்க வேண்டும். யாரும் அதைச் சுட்டிக்காட்டக் கூடாது. பிளேயர் பழக்கத்தில் ஓட்டப் பட்டனையே அழுத்திக்கொண்டிருப்பார். குதிரையின் மூச்சிரைப்பு கன்ட்ரோலரின் அதிர்வில் கைக்குத் தெரியட்டும். மூன்றாம் மாலையில் அவருக்கே தோன்ற வேண்டும்: கேட்டுப் பார்த்தால் என்ன?

(திரையில்: பழைய தோல்தாள் பக்கங்கள், கறுப்பு மையில் நெருக்கமான எழுத்து.)

இந்தக் கதை எங்கே இருக்கிறது? மாபினோகி என்று அழைக்கப்படும் நான்கு கதைகளில் முதலாவது இது. ஒவ்வொன்றையும் கிளை என்பார்கள். இவற்றோடு இன்னும் 7 கதைகள் சேர்ந்ததுதான் மாபினோகியன். வாய்மொழி மரபிலிருந்து வந்த இந்தக் கதைகள் நமக்கு முக்கியமாக இரண்டு கையெழுத்துப் பிரதிகளில் கிடைக்கின்றன. சுமார் 1350-இல் எழுதப்பட்ட ரதெர்கின் வெள்ளைப் புத்தகம் அபெரிஸ்ட்வித்தில் வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1382-க்குப் பின் சில ஆண்டுகளில் உருவான ஹெர்கெஸ்டின் சிவப்புப் புத்தகம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

கேம் உலகத்துக்கு இவை புதிதல்ல. 2004-இல் தென் கொரியாவில் வந்த ஆன்லைன் கேமின் பெயரே மாபினோகி. நெக்ஸான் வெளியிட்டது, பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருப்பது. ஆனால் அதன் உலகத்துக்குப் பெயர் எரின், அதில் வரும் தெய்வங்கள் அயர்லாந்துத் தொன்மத்தைச் சேர்ந்தவர்கள். வேல்ஸிலிருந்து போனது முக்கியமாகத் தலைப்புதான். 2008-இல் ஆர்பெர்த் ஸ்டூடியோஸ் வெளியிட்ட ரியானன் என்ற கேம் வேறு வழியில் போனது. மேற்கு வேல்ஸில் ஒரு பண்ணைவீடு, அங்கே பழைய நான்கு கிளைகளின் பகை இன்னும் தீராமல் கிடக்கிறது, பிளேயர் துப்புத் துலக்கிக்கொண்டே போக வேண்டும். 2020-இல் வேல்ஸ் இன்டராக்டிவ் செய்த மெய்ட் ஆஃப் ஸ்கெர் இடைக்காலத் தொன்மம் அல்ல, பிற்கால நாட்டார் கதை. ஆனால் அது ஒரு நல்ல காரியம் செய்தது. எதிரிகளுக்குக் கண் தெரியாது, காது கேட்கும். அதனால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுதான் உங்கள் முக்கியமான தற்காப்பு. கதையின் பயத்தை ஒரு விதியாக மாற்றியிருக்கிறார்கள்.

நான் சொல்ல வருவதும் இதைத்தான். மாபினோகியிலிருந்து பெயர்களையும் ராட்சதர்களையும் எடுத்து, ஏற்கெனவே இருக்கும் வாள்சண்டை கேம் ஒன்றில் பொருத்திவிடுவது சுலபம். ஆனால் இந்தக் கதைகளில் விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. எடுக்க வேண்டியது அவற்றைத்தான்.

(திரையில்: ஆற்றுத் துறை. இரண்டு குதிரைவீரர்கள் எதிரெதிரே.)

அதே முதல் கிளையில் வரும் ஹாவ்கனின் கதையைப் பாருங்கள். வேட்டைக்குப் போன இடத்தில் பூய்ல் ஒரு தவறு செய்கிறான். பளபளக்கும் வெள்ளை உடலும் சிவந்த காதும் கொண்ட வேட்டைநாய்கள் வீழ்த்திய மானிடமிருந்து அந்த நாய்களை விரட்டிவிட்டு, தன் நாய்களை விடுகிறான். அவை அன்னூன் என்ற மறுவுலகின் அரசன் அராவுனின் நாய்கள். அதற்கு ஈடாக இருவரும் ஓராண்டுக்கு உருவத்தையும் நாட்டையும் மாற்றிக்கொள்கிறார்கள். ஆண்டு முடிவில் அராவுனின் எதிரி ஹாவ்கனோடு பூய்ல் சண்டையிட வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: ஓர் அடிதான் அடிக்க வேண்டும். விழுந்து கிடப்பவன் இன்னொரு அடி கொடுத்து முடித்துவிடு என்று கெஞ்சுவான். கொடுத்தால் மறுநாள் முன்புபோல எழுந்து சண்டைக்கு வந்துவிடுவான்.

பாஸ் ஃபைட், அதாவது பெரிய எதிரியோடு மோதும் சண்டை என்றால், எதிரியின் உயிர்க்கோடு தீரும்வரை அடித்துக்கொண்டே இருப்பதுதான் என்று நம் விரல்கள் பழகியிருக்கின்றன. இங்கே அந்த விரல்களை நிறுத்துவதுதான் சண்டை. இதை ஒரு கட் சீனில், பிளேயர் பார்க்க மட்டும் முடிகிற காட்சியில், காட்டிவிட்டுப் போவது பெரிய வீண். பட்டன் வேலை செய்ய வேண்டும். ஹாவ்கன் கெஞ்ச வேண்டும். அடித்துவிட்டால் கேம் ஓவர் வேண்டாம். மறுநாள் காலை அவன் முழு பலத்தோடு ஆற்றங்கரையில் நிற்கட்டும், அராவுனின் நாட்டில் ஒரு பகுதி பறிபோகட்டும்.

அப்புறம், அதே கதையில் இன்னொரு சோதனை இருக்கிறது. அதை யாரும் சோதனை என்றே சொல்வதில்லை. பூய்ல் ஓராண்டு அராவுனின் உருவத்தில் இருக்கிறான். அராவுனின் மனைவியும் அவனைத் தன் கணவன் என்றே நினைக்கிறாள். அவளைத் தொடாதே என்று அராவுன் கேட்கவே இல்லை. ஆனாலும் பூய்ல் ஓராண்டும் இரவில் கட்டிலின் ஓரத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். பகலில் அன்பாகப் பேசுகிறான். அராவுன் திரும்பிவந்து மனைவியை அணைத்த பிறகுதான், ஓராண்டாக இல்லாத அன்பு இன்று எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கிறாள். அப்போதுதான் அவனுக்குத் தன் நண்பன் யார் என்பது புரிகிறது. இந்தப் பகுதி கேமில் வந்தால் அதற்கு குவெஸ்ட் (பிளேயர் முடிக்க வேண்டிய வேலை) பட்டியலில் இடம் இருக்கக் கூடாது. புள்ளியும் கூடாது. அதன் பலன் வேறு யாரோ பேசும்போது, வெகுநேரம் கழித்துத் தெரிய வேண்டும்.

(திரையில்: வெறிச்சோடிய நிலம். கோதுமை வயல். கதிர்கள் ஒடிக்கப்பட்டு வெறும் தாள்கள் நிற்கின்றன.)

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாம் கிளை. இதில் போரே இல்லை. ஒரு மூடுபனி வந்து விலகும்போது டவெட் நாட்டில் ஆளில்லை, ஆடுமாடில்லை. மிஞ்சியவர்கள் நால்வர். அவர்களிலும் ரியானனும் அவள் மகன் பிரடெரியும் ஒரு பொற்கிண்ணத்தைத் தொட்டு, கை ஒட்டிக்கொண்டு, மறைந்துவிடுகிறார்கள். ரியானனின் இரண்டாம் கணவன் மனவடன் வேறு வழியில்லாமல் மூன்று வயல்களில் கோதுமை போடுகிறான். அறுக்கப் போகும் நாளில் முதல் வயல் காலி. அடுத்த நாள் இரண்டாம் வயலும் காலி. மூன்றாவதற்கு இரவில் காவல் இருக்கிறான். எலிப் படை வருகிறது. எல்லாம் தப்பிக்கின்றன, உடல் கனத்து ஓட முடியாத ஒன்று மட்டும் சிக்குகிறது. அதைக் கையுறைக்குள் போட்டு நூலால் கட்டிக்கொண்டு, திருட்டுக்குத் தண்டனையாகத் தூக்கிலிட ஆர்பெர்த் மேட்டுக்குப் போகிறான். இரண்டு கவைக்குச்சிகள், குறுக்கே ஒரு கட்டை: எலிக்கு ஒரு தூக்குமரம்.

ஏழு ஆண்டுகளாக மனித முகமே தெரியாத அந்த நாட்டில் அப்போது ஓர் ஏழைப் படிப்பாளி வருகிறான். எலியை விட்டுவிடு, ஒரு பவுண்டு பணம் தருகிறேன் என்கிறான். மனவடன் மறுக்கிறான். பாதிரியார் வருகிறார், மூன்று பவுண்டு. மறுப்பு. பரிவாரத்தோடு ஒரு ஆயர் (பிஷப்) வருகிறார். ஏழு பவுண்டு, பிறகு இருபத்து நான்கு, பிறகு கண்ணுக்குத் தெரியும் குதிரைகள் எல்லாம், சுமைகளோடு சேர்த்து. அதற்கும் மறுப்பு. கடைசியில் ஆயர், சரி, நீயே விலை சொல் என்கிறார். ரியானனும் பிரடெரியும் விடுதலையாக வேண்டும். நாட்டின் மேல் போட்ட மாயம் நீங்க வேண்டும். இந்த எலி யார் என்று தெரிய வேண்டும். இனி மாயம் எதுவும் போடக் கூடாது. இதற்காக எங்கள் யார்மேலும் பழிவாங்கக் கூடாது. அந்தக் கடைசி நிபந்தனையைக் கேட்டதும் ஆயர் வேடத்தில் இருந்த மந்திரவாதி, இதைக் கேட்காமல் விட்டிருந்தால் எல்லாத் துன்பமும் உன் தலையில் வந்து விழுந்திருக்கும் என்கிறான். எலி அவனுடைய கர்ப்பிணி மனைவி.

இது முழுக்க ஒரு டயலாக் புதிர். திரையில் "ஏற்றுக்கொள்" பெரிதாக மின்னும், தொகை ஏறிக்கொண்டே போகும். பல கேம்கள் தொகை உயர்ந்ததும் அதுதான் பரிசு என்று நம்மைப் பழக்கியிருக்கின்றன. இங்கே விலை பேசும் ஆளின் பதற்றத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். ஒரு எலிக்கு ஆயர் ஏன் இவ்வளவு தருகிறார்? அப்புறம் உங்கள் முறை வரும்போது நிபந்தனைகளைப் பட்டியலாகக் கொடுத்துவிடக் கூடாது. பழிவாங்கக் கூடாது என்பதைக் கேட்க மறந்தவருக்கு ரியானன் திரும்பக் கிடைக்கட்டும், நாடு மீளட்டும், அடுத்த அத்தியாயத்தில் பழி வரட்டும்.

(திரையில்: பெரிய இரும்புக் கொப்பரை. கீழே நெருப்பு.)

இரண்டாம் கிளையில் இறந்தவரை உயிர்ப்பிக்கும் கொப்பரை இருக்கிறது. இதைப் பார்த்ததும் ரீஸ்பான், அதாவது செத்த பாத்திரம் மறுபடி உயிரோடு வருவது, என்று கேமர்கள் சொல்லிவிடுவார்கள். சரிதான், ஆனால் இரண்டு விவரங்களை விடக் கூடாது. திரும்பி வருபவர்கள் மறுநாள் சண்டையிடுவார்கள், பேச மட்டும் முடியாது. இன்னொன்று, அந்தக் கொப்பரை போருக்கு முன் வேல்ஸ் பக்கம்தான் இருந்தது. பிரான்வென் என்ற இளவரசியை மணக்க வந்த அயர்லாந்து அரசனின் குதிரைகளை அவளுடைய சகோதரன் எவ்னிஷ்யென் சிதைத்துவிட, அந்த அவமானத்துக்கு ஈடாக அவளுடைய அண்ணனான அரசன் பெண்டிகெய்ட்வ்ரான் அதைக் கொடுத்துவிடுகிறான். முதல் மணிநேரத்தில் சமாதானத்துக்காகப் பிளேயரே கையால் எடுத்துக் கொடுத்த பொருள், கடைசிப் போரில் எதிரியின் கூடாரத்தில் இரவெல்லாம் கொதிக்கும். அதை உடைப்பவனும் அதே எவ்னிஷ்யென்தான். பிணம்போலக் கிடந்து உள்ளே எறியப்பட்டு, உடலை நீட்டி அதை உடைக்கிறான், அவன் இதயமும் உடைகிறது.

நாட்டார் கதைகளிலும் இப்படி விதிகள் கிடக்கின்றன. லின் அ வான் வாக் என்ற மலையேரியிலிருந்து வந்த பெண், காரணமில்லாமல் மூன்று முறை அடித்தால் போய்விடுவேன் என்று சொல்லித்தான் மணக்கிறாள். அவள் கணவன் கொடூரன் அல்ல. ஞானஸ்நானத்துக்குக் கிளம்பத் தாமதித்தபோது கையுறையால் தோளில் செல்லமாக ஒரு தட்டு. அவள் திருமணத்தில் அழுதபோது ஒன்று, இறப்பு வீட்டில் சிரித்தபோது ஒன்று. எண்ணிக்கை முடிகிறது, மாடுகளையெல்லாம் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு ஏரிக்குள் போய்விடுகிறாள். கேமில் எதையும் தொடுவதற்கு ஒரே பட்டன் என்று வைத்துப் பாருங்கள், இந்தக் கதை எவ்வளவு கனமாக இறங்கும் என்று தெரியும்.

கில்ஹுக்கும் ஓல்வெனும் கதையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஓல்வெனை மணக்க வேண்டுமானால் என்று அவளுடைய ராட்சதத் தந்தை கில்ஹுக்கிடம் சுமார் 40 வேலைகள் சொல்கிறார், அவனுக்கு உதவும் ஆர்தர் மன்னனின் வீரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு அதிசயத் திறமை. ஒருவர் ஒன்பது நாள் தண்ணீருக்கடியில் மூச்சடக்குவார், இன்னொருவருக்கு ஐம்பது மைலுக்கு அப்பால் எறும்பு எழும் சத்தம் கேட்கும். பிளேயர் விரும்பிய இடமெல்லாம் சுற்றும் ஓப்பன் வேர்ல்ட் கேமுக்கு என்றே எழுதியதுபோல இருக்கும். ஆனால் கதையே அந்த 40-ஐயும் முடித்துக் காட்டுவதில்லை. எல்லாவற்றையும் சைட் குவெஸ்ட் (துணை வேலை) ஆக்கினால் களைப்புதான் மிஞ்சும். நான் செய்தால் தூர்க் த்ரூய்த் என்ற காட்டுப்பன்றி வேட்டையை மட்டும் எடுத்துக்கொள்வேன். போர்த் கிளைஸில் கரையேறி, பிரெசெலி மலைகள், அமன் பள்ளத்தாக்கு, செவர்ன் ஆறு, கார்ன்வால், கடல் என்று அது ஓடும் வழியை இன்றைய வரைபடத்திலேயே பின்தொடரலாம்.

காட்சி வடிவமைப்பு பற்றிச் சுருக்கமாக. செல்டிக், அதாவது வேல்ஸ், அயர்லாந்து போன்ற இடங்களின் பழைய பண்பாடு, என்றதும் ட்ரூயிட் பூசாரிகளையும் கல்வட்டங்களையும் நிரப்பிவிடுவார்கள். நான்கு கிளைகளில் ட்ரூயிட் கிடையாது. ஆயர் இருக்கிறார், பாதிரியார் இருக்கிறார். எழுதியவர்கள் கிறிஸ்தவ இடைக்காலத்து மனிதர்கள். ரியானன் ஒரு காலத்தில் தெய்வமாக இருந்திருக்கலாம் என்று அறிஞர்கள் பேசுவார்கள், கதையில் அவள் நறுக்கென்று பேசும் ஒரு பெண். அப்படியே விடுங்கள்.

குரலும் வெல்ஷில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேல்ஸில் மூன்று வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் சுமார் 5,38,000 பேர், அதாவது 17.8 சதவீதம் பேர், வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள். இது அவர்களுடைய கதை, நடிக்க அவர்களிடமே ஆட்கள் இருக்கிறார்கள். நமக்கு சப்டைட்டில் போதும்.

கேம் செய்ய நினைப்பவர்களுக்கு: சார்லட் கெஸ்ட் 1838 முதல் 1849 வரை வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்புக்கு இப்போது காப்புரிமை இல்லை, ஆனால் நான்காம் கிளையின் கூச்சமான பகுதிகளை அவர் மழுப்பியிருக்கிறார். 2007-இல் வந்த ஷோனெட் டேவிஸின் மொழிபெயர்ப்பு, வாய்விட்டுப் படிக்கும் ஓசையை மனதில் வைத்துச் செய்தது. டயலாக் எழுதப் போகிறவர் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும், அதுவும் மூன்றாம் கிளையிலிருந்து.