“அத்தான், ஒண்ணே ஒண்ணு”

நடுவர் அவர்களே, கோயில் கொடை பார்க்க வந்து பட்டிமன்றத்தில் மாட்டிக்கொண்ட ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, பந்தலுக்கு வெளியே இருட்டில் நின்று கேட்கும் தம்பிகளே, வணக்கம். தம்பிகள் ஏன் இருட்டில் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பதினாலு வருஷம் நானும் அங்கே நின்றவன்தான். சிவப்பாக ஒரு பொட்டு மேலே போகிறது, கொஞ்சம் பிரகாசமாகிறது, கீழே வருகிறது. மேடையிலிருந்து நன்றாகவே தெரிகிறது தம்பி.

‘சிகரெட்டை விடுவது கடினமா, விட்டபின் தொடாமல் இருப்பது கடினமா?’ என்பது கமிட்டியார் கொடுத்த தலைப்பு. தொடாமல் இருப்பதுதான் கடினம் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா முதல் மூன்று நாள் படும் பாட்டை உருக்கமாகச் சொன்னார். தலைவலி, எரிச்சல், தூக்கம் வராது, பெண்டாட்டி “காப்பி வேணுமா” என்று கேட்டாலே கோபம் வரும் என்றார். அத்தனையும் உண்மை. சபை நாகரிகம் கருதி அவர் விட்டுவிட்ட ஒன்றையும் நான் சேர்க்கிறேன்: மலச்சிக்கல். அதுவும் வரும்.

ஆனால் ஐயா, அது தேதி போட்ட நரகம். நிகோடின் ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். முதல் இரண்டு மூன்று நாளில் உடம்பு போடுகிற ஆர்ப்பாட்டம் உச்சத்தில் இருக்கும். மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு காலண்டரைக் கிழித்தால் தாண்டிவிடலாம். அந்த நாட்களில் துணைக்கு ஆளும் உண்டு. “அப்பா சிகரெட்டை விட்டிருக்கா, சத்தம் போடாதே” என்று பிள்ளைகளை அடக்குவார்கள். என் மாமியார்கூட அந்த வாரம் மரியாதையாகப் பேசினார். ஏழாவது மாதத்தில் யார் வந்து நிற்பார்கள்?

கணக்கும் சொல்கிறேன். 2016-17இல் நாடு முழுக்க வயது வந்தவர்களிடம் புகையிலைக் கணக்கெடுப்பு நடந்தது. புகைப்பவர்களில் நூற்றுக்கு 38 பேர், அதற்கு முந்தைய 12 மாதத்தில் ஒரு தடவையாவது விட்டுப் பார்த்தேன் என்றார்கள். நூற்றுக்கு 38! விடத் தெரியாத ஜனங்களா இவர்கள்? ஆனால் மருந்து, ஆலோசனை எதுவும் இல்லாமல் தானாக விடுகிறவர்களில் 6 மாதம், ஒரு வருஷம் கடந்தும் தொடாமல் நிற்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான் என்று ஆய்வுகள் சொல்கின்றன. மிச்சப் பேர் எங்கே போனார்கள்? பெட்டிக்கடைக்குத்தான். நானும் போனேன். அதைச் சொல்லாமல் இந்த மைக்கை விட மாட்டேன்.

ஒரு தைப்பொங்கல் அன்று விட்டேன். எதிரணி ஐயா சொன்ன மூன்று நாளையும் பட்டேன், தாண்டினேன். மாசி போச்சு, பங்குனி போச்சு. சித்திரை வெயிலில் டீக்கடையில் நாலு பேர் என் முகத்துக்கு நேரே ஊதினார்கள், அசையவில்லை. ஊரில் நான்தான் உதாரண புருஷன். “அவனைப் பாருலே, விட்டானா இல்லையா” என்று மற்ற வீடுகளில் என்னைக் காட்டித் திட்டு விழுந்தது.

ஆடி மாதம் குற்றாலத்தில் நல்ல சாரல். குடும்பத்தோடு போனோம். ஐந்தருவியில் முக்கால் மணி நேரம் நின்றேன். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தால் பல் கிட்டுகிறது, மனசு லேசாக இருக்கிறது. கவலை இல்லை, கடன் இல்லை, சண்டை இல்லை. ஈரத்துண்டோடு நிற்கிறேன். மைத்துனன் பக்கத்தில் வந்தான். “அத்தான், குளிருக்கு இதமா ஒண்ணே ஒண்ணு.”

வாங்கினேன், நடுவர் அவர்களே.

நன்றாக இருந்தது என்று நினைக்கிறீர்களா? கசந்தது. இருமல் வந்தது, தலை சுற்றியது. பாதியிலேயே கீழே போட்டுவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன். ‘பார்த்தியா, எனக்குப் பிடிக்கவே இல்லை, இனிமேல் இது என்னை ஒன்றும் செய்யாது’ என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். அது நன்றாக இருந்திருந்தால்கூடப் பயந்திருப்பேன். நாலு நாள் கழித்து, அதே தைரியத்தில், ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒன்று வாங்கினேன். அது அவ்வளவாகக் கசக்கவில்லை. ஆவணி பிறக்கும்போது ஒரு நாளைக்குப் பத்து.

விடும்போது எதிரி எதிரே நிற்கிறான், தெரிகிறது. தொடாமல் இருக்கும்போது மைத்துனன் வேஷத்தில், நாம் சந்தோஷமாக இருக்கிற நேரம் பார்த்து வருகிறான். அவனையும் குற்றம் சொல்ல மாட்டேன், பாவம், பிரியத்தில் நீட்டினான். என் பெண்டாட்டி மட்டும் அவனை இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்து, எங்கள் வீட்டைச் சொல்ல வேண்டும். என் அம்மா பீடி சுற்றுகிறவள். முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் எத்தனையோ தெருக்களில் இதுதான் காட்சி: திண்ணையில் பெண்கள், மடியில் தட்டு. இலையை நனைத்து, தகட்டை வைத்து அளவுக்குக் கத்தரித்து, தூள் வைத்து, உருட்டி, நுனியை மடக்கி, நூலால் கட்டுவார்கள். இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். இரண்டாம் தடவை விட்ட அன்று அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். “நல்ல காரியம் பண்ணுன ஐயா” என்றாள். கண் கலங்கிவிட்டது. கை மட்டும் நிற்கவில்லை, அன்றைய ஆயிரத்துக்கு இன்னும் மூன்று கட்டு பாக்கி.

சிரிக்காதீர்கள். வீடு பூராவும் புகையிலைத் தூள் வாசம். தலையணையில் வாசம், சோற்றுப் பானைப் பக்கம் வாசம். இதற்கு நடுவே எந்த ரோஷக்காரனும் ஒரு நாள் ‘விட்டேன்’ என்று சொல்லிவிடலாம். அதே வாசத்துக்குள் நான் ஆறு வருஷமாகத் தொடாமல் இருக்கிறேன். எது கடினம்?

எதிரணித் தங்கச்சி அழகாக ஒரு கேள்வி கேட்டது: “விட்டால்தானே தொடாமல் இருக்க முடியும், அப்போ விடுவதுதானே அஸ்திவாரம்?” சரி தாயி, அஸ்திவாரம்தான். அதற்காக வானம் தோண்டின அன்றைக்கே பால் காய்ச்சிக் குடிபோக முடியுமா? உடம்பு கொடுக்கிற கூலியையும் பாரும்மா. கடைசி சிகரெட்டை அணைத்த 20 நிமிஷத்தில் நாடித்துடிப்பு இறங்குகிறது. அது சில்லறை. மாரடைப்பு அபாயம் புகைப்பவனுக்கு இருப்பதில் பாதியாகக் குறைய ஒரு வருஷம் தொடாமல் இருக்க வேண்டும். நுரையீரல் புற்றுநோயால் சாகும் அபாயம் பாதியாகப் பத்து வருஷம் ஆகும். பெரிய நோட்டெல்லாம் தொடாமல் இருக்கிறவனுக்குத்தான்.

பெட்டிக்கடையைச் சொல்லாமல் போனால் என் கட்சி நிறைவாகாது. கம்பத்தில் ஒரு தேங்காய்நார்க் கயிறு தொங்கும், நுனியில் தீ கனிந்துகொண்டே இருக்கும். தீப்பெட்டிக்குக்கூடக் காசு வேண்டாம். பாக்கெட் வாங்க வேண்டாம், ஒத்தையாகக் கிடைக்கும். 2018 செப்டம்பரிலிருந்து பாக்கெட் மேலேயே 1800 11 2356 என்று ஒரு எண் அச்சடிக்கிறார்கள், விட நினைக்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் இலவச எண். ஒத்தையாக வாங்குகிறவன் அந்தப் பாக்கெட்டைக் கண்ணால் பார்ப்பானா? எண் அண்ணாச்சியிடம், சிகரெட் இவனிடம்!

இரண்டாம் தடவை விட்டபோது வீம்பை நம்பவில்லை. டாக்டரைக் கேட்டு நிகோடின் சூயிங்கம் மென்றேன். கடைக்குப் போய், “அண்ணாச்சி, நான் கேட்டாலும் குடுக்காதீங்க” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இப்போ இப்படிச் சொல்லுவீரு, நாளைக்கு நீரே வந்து சண்டை போடுவீரு வே.” போட்டேன், இரண்டு தடவை. அவர் கொடுக்கவில்லை, நன்றாக இருக்கட்டும். ஆசை வந்தால் ஐந்து பத்து நிமிஷத்தில் தணிந்துவிடும், அதுவரை வாய்க்கு வேலை வேண்டும் என்று சட்டைப் பையில் சில்லுக் கருப்பட்டி வைத்துக்கொண்டேன். ஆறு வருஷமாக என் சட்டைப் பையில் எறும்பு. துவைக்கிறவளிடம் தினமும் திட்டு. குற்றாலத்துக்கு இப்போதும் போகிறேன், மைத்துனனோடுதான், ஆனால் குளித்ததும் நேரே மிளகாய் பஜ்ஜிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவேன்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். நடுவர் அவர்களிடம் ஒரே விண்ணப்பம். நான் வீட்டுக்குப் போக வேண்டிய கடைசி பஸ் பத்தரைக்கு. அது நிற்கும் இடம் அந்தக் கயிறு தொங்குகிற கடை வாசல். ஒன்பதரைக்கே தீர்ப்பைச் சொன்னீர்கள் என்றால் நான் அங்கே ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். கொஞ்சம் பார்த்து, பைய முடியுங்கள் ஐயா.