‘ப்ளடி ஹார்லன்’: ஜாடியில இல்லாத விஷம்

[திரையில்: மரம் அடர்ந்த மலைகள், நடுவுல நிலக்கரி ஏத்திக்கிட்டுப் போற சரக்கு ரயில்]

வணக்கம் நண்பர்களே. 2011 மே 4ஆம் தேதி, அமெரிக்காவுல எஃப்எக்ஸ் சேனல்ல ‘ஜஸ்டிஃபைட்’ தொடரோட இரண்டாவது சீசன் முடிஞ்சது. அந்தக் கடைசி எபிசோடோட பேரு ‘ப்ளடி ஹார்லன்’. கண்ணிமைக்கிற நேரத்துல துப்பாக்கியை உருவுற ரேலன் கிவன்ஸ்ங்கிற ஒரு மார்ஷலோட, அதாவது மத்திய அரசோட போலீஸ் அதிகாரியோட கதைதான் இந்தத் தொடர். அப்படியிருந்தும் சீசனோட பெரிய சாவு ஒரு கிளாஸ் கள்ளச்சாராயத்துல முடியுது. அந்த சாவு ஏன் அப்படித்தான் நடக்கணும், அதுக்கும் ஹார்லன்கிற ஊருக்கும் என்ன சம்பந்தம், இதைத்தான் பேசப்போறோம். கதையை முழுசா உடைச்சுடுவேன். பார்க்காதவங்க முதல்ல பார்த்துட்டு வந்துடுங்க, பதிமூணு எபிசோட்தான்.

[திரையில்: கென்டக்கி மாநில வரைபடம், தென்கிழக்கு மூலை சிவப்பு நிறத்துல]

முதல்ல ஊரைப் பார்ப்போம். அமெரிக்காவோட கிழக்குப் பக்கம் நீளமாப் போகுதே அப்பலேச்சியன் மலைத்தொடர், அதுக்குள்ள இருக்கு கென்டக்கி மாநிலத்தோட ஹார்லன் கவுண்டி. கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. நிலக்கரியை நம்பி வளர்ந்த ஊரு. 1940ல இங்கே 75 ஆயிரம் பேருக்கு மேல இருந்தாங்க. 2020 கணக்கெடுப்புல 27 ஆயிரம்கூட இல்லை.

‘ப்ளடி ஹார்லன்’ங்கிறது தொடருக்காக யோசிச்ச பேரு கிடையாது. 1931ல சுரங்க முதலாளிகள் கூலியைப் பத்து சதவீதம் வெட்டினாங்க. தொழிலாளிங்க சங்கம் வைக்கப் பார்த்தாங்க. சங்கத்துல சேர்ந்தவங்களை வேலையிலேர்ந்தும் கம்பெனி வீட்டுலேர்ந்தும் துரத்தினாங்க. அந்த வருஷம் மே 5ஆம் தேதி எவார்ட்ஸ்ங்கிற சின்ன ஊர் பக்கத்துல துப்பாக்கிச் சண்டை, நாலு பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் கிட்டத்தட்ட அந்தப் பத்தாண்டு முழுக்க ரத்தம்தான். பேரு அப்படி வந்தது.

இதுல ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. அன்னைக்கு அங்கே ஷெரிஃபா, அதாவது கவுண்டியோட போலீஸ் தலைவரா இருந்தவர் ஜே.எச்.பிளேர். அவருக்குக் கீழே வேலை பார்த்த டெபுடிங்கள்ல பெரும்பாலானவங்களுக்குச் சம்பளம் கொடுத்தது சுரங்கக் கம்பெனிங்க. பேட்ஜ் அரசாங்கத்தோடது, காசு முதலாளியோடது. ராத்திரியில தொழிலாளி வீட்டுக் கதவை உடைச்சுக்கிட்டு வந்தவங்க சட்டத்தோட ஆளுங்கதான். அப்போ அந்த மலையில இருந்த ஒருத்தனுக்குச் சட்டம்னா என்ன தோணியிருக்கும்? வெளியில இருந்து வர்ற ஆபத்துன்னுதான். இந்தப் புரிதல் இல்லாம மேக்ஸ் பென்னட்டைப் புரிஞ்சுக்கவே முடியாது.

[திரையில்: கண்ணாடி ஜாடியில தங்க நிறத்துல சாராயம்]

மேக்ஸ் பென்னட். மார்கோ மார்ட்டின்டேல் நடிச்ச பாத்திரம். இதுக்காக 2011ல எம்மி விருது வாங்கினாங்க. ஊர்ல பலசரக்குக் கடை வச்சிருக்காங்க, பின்னாடி கஞ்சா வியாபாரம். மூணு பசங்க: டாய்ல், டிக்கி, கூவர். டாய்ல் அந்த ஊர் போலீஸ் தலைவர். கவனிச்சீங்களா? பேட்ஜ் அரசாங்கத்தோடது, விசுவாசம் அம்மாவுக்கு. 1931ல கம்பெனி செஞ்சதை இங்கே ஒரு குடும்பம் செய்யுது. கதை எழுதினவங்க அந்த ஊரோட சரித்திரத்தை எவ்வளவு ஆழமா உள்வாங்கியிருக்காங்கன்னு எனக்குப் புரிஞ்சது இந்த இடத்துலதான்.

சீசனோட முதல் எபிசோட்ல வால்ட் மெக்ரெடின்னு ஒருத்தர் வர்றாரு. தாயில்லாத பொண்ணை வளர்க்கிற அப்பா. பொண்ணு பேரு லொரெட்டா, பதினாலு வயசு. மேக்ஸ்கிட்ட வேலை பார்க்கிற ஒரு கேடுகெட்டவன் அந்தப் பொண்ணைச் சுத்திச் சுத்தி வர்றான். வால்ட் வெளியில உள்ள போலீசுக்குத் தகவல் சொல்லிடறாரு. எந்த அப்பாவும் செய்யறதுதானே? ஆனா மேக்ஸோட கணக்கு வேற. பிரச்சினைன்னா எங்கிட்டதான் வந்திருக்கணும், எங்க மலைக்குள்ள வெளிச் சட்டத்தை ஏன் கூப்பிட்டே? போதாததுக்கு, அவங்க மலையில வால்ட் திருட்டுத்தனமா கஞ்சாவும் போட்டிருந்தாரு.

மேக்ஸ் வால்ட்டைத் திட்டக்கூட இல்லை. சமாதானமாப் போயிடலாம்னு சொல்லி, தன் கையால காய்ச்சின சாராயத்தை ஊத்திக் கொடுக்கிறாங்க. அதுக்கு ‘ஆப்பிள் பை’ன்னு பேரு. அந்த மலைப்பக்கத்துல நிஜமாவே உள்ள சரக்கு இது. சோளச் சாராயத்துல ஆப்பிள் சாறு, சர்க்கரை, பட்டை எல்லாம் சேர்த்துக் காய்ச்சி ஆறவைப்பாங்க. இனிப்பா இருக்கும், ஏறுறதே தெரியாதுன்னு சொல்வாங்க. மேக்ஸும் அதே ஜாடியிலேர்ந்து ஊத்திக் குடிக்கிறாங்க. அதனால வால்ட்டுக்குச் சந்தேகமே வரலை. குடிச்சு முடிச்சதும் மூச்சுத் திணறுது. அப்பதான் மேக்ஸ் சொல்றாங்க: விஷம் ஜாடியில இல்லை, அவரோட கிளாஸ்ல முன்னாடியே இருந்தது. சாகிறவரோட கையைப் பிடிச்சுக்கிட்டு, உன் பொண்ணை நான் பார்த்துக்கறேன்னு ஆறுதலும் சொல்றாங்க.

குரல் உயரலை, முகத்துல கோபமில்லை. தீர்ப்பு சொல்லிட்டு, தண்டனையும் கொடுத்துட்டு, கடைசிவரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கிற ஒரு நீதிபதி. மேக்ஸோட கோர்ட்டு இப்படித்தான் நடக்கும்.

[திரையில்: மொட்டையடிச்ச மாதிரி உச்சி வெட்டப்பட்ட மலை]

அப்புறம் நிலக்கரிக் கம்பெனி வருது. கதையில அதுக்குப் பேரு ‘பிளாக் பைக்’. நிஜத்துல இப்படி ஒரு கம்பெனி இல்லை, அவங்க செய்யற வேலை மட்டும் நிஜம். மலை உச்சியை வெடிவச்சுத் தகர்த்து, மண்ணையும் பாறையையும் பள்ளத்தாக்குல தள்ளிட்டு, உள்ளே இருக்கிற நிலக்கரியை வாரி எடுக்கறது. இதுல அப்பலேச்சியாவுல ஆயிரத்து இருநூறு மைலுக்கு மேல ஓடைங்க மண்ணுக்கடியில போயிருக்கு. கரியைக் கழுவின கழிவுநீரை அணைகட்டித் தேக்கி வைப்பாங்க. 2000 அக்டோபர்ல கென்டக்கியோட மார்ட்டின் கவுண்டியில அப்படி ஒரு தேக்கம் உடைஞ்சு, சுமார் 30 கோடி கேலன் கருஞ்சேறு ஆத்துல கலந்தது.

எட்டாவது எபிசோட்ல இந்தக் கம்பெனிக்கு எதிரா ஊர்க்கூட்டத்துல மேக்ஸ் எழுந்து பேசறாங்க பாருங்க, மொத்த ஊரும் அவங்க பின்னாடி நிக்குது. நானும் நம்பினேன். பின்பக்கமா அதே கம்பெனியோட பேரம் பேசி, தன் குடும்பத்துக்கு மட்டும் வழி பண்ணிக்கிறாங்கன்னு அப்புறம்தான் தெரியுது. என் வீட்டுக்கு நான்தான் சட்டம்னு இருந்தவங்க, ஊரையே வித்துட்டாங்க. அந்த மலையில அவங்களுக்கு இருந்த மரியாதை அங்கேர்ந்துதான் கரைய ஆரம்பிக்குது.

இடையில நடந்ததை வேகமாச் சொல்லிடறேன். அப்பா செத்ததே தெரியாம லொரெட்டா மேக்ஸ் நிழல்லயே வளர்றா. பெண் குழந்தை இல்லாத மேக்ஸ் அவளை நிஜமாவே பாசமா வச்சுக்கறாங்க, அதுல வேஷம் இல்லை. ஒருநாள் கூவர் கையில அப்பாவோட வாட்ச்சைப் பார்த்துடறா. விஷயம் புரிஞ்சு போச்சு. கூவர் அவளையும் கொல்லப் பார்க்கிறான், மார்ஷல் ரேலன் கிவன்ஸ் அவனைச் சுட்டுக் கொல்றாரு. பழிக்குப் பழியா டிக்கி, ரேலனோட சின்னம்மா ஹெலனைக் கொல்றான். ஒரு ஆளைப் பழி ஏத்துக்க வச்சு, டிக்கியை ஜெயில்லேர்ந்து வெளியே கொண்டு வந்துடறாங்க.

[திரையில்: காட்டுக்குள்ள ஒரு மரம், கிளையில கயிறு]

இப்போ கடைசி எபிசோட். லொரெட்டா ஒரு துப்பாக்கியைத் தேடிப் பிடிச்சு, தனியா மேக்ஸ் வீட்டுக்குக் கிளம்பிட்டா. ரேலனோட முன்னாள் மனைவி வினோனா வயித்துல அவரோட குழந்தை. ஹார்லனை விட்டே போயிடலாம்னு ரெண்டு பேரும் பேசி வச்சிருக்காங்க. அந்த நேரத்துல அந்தப் பொண்ணுக்காக அவரு திரும்ப ஊருக்குள்ள போறாரு.

போற வழியிலேயே டிக்கிகிட்ட மாட்டிக்கிறாரு. தலைகீழா மரத்துல தொங்கவிட்டு பேஸ்பால் மட்டையால அடிக்கிறான். ஏன் மட்டை? பள்ளிக்கூடத்துல ஒரு ஆட்டத்துல ரேலன் மட்டையால அடிச்சு டிக்கியோட முழங்காலை நொறுக்கிட்டாரு. அன்னைலேர்ந்து அவன் நொண்டிக்கிட்டே நடக்கிறான். ஜெரமி டேவிஸ் அந்த நடையை நடக்கிற விதமே தனி நடிப்பு. கிவன்ஸ், பென்னட் ரெண்டு குடும்பத்துக்கும் தலைமுறை தலைமுறையா இருக்கிற பகையோட மொத்த எடையும் அந்த ஒரு முழங்கால்ல இருக்கு.

காப்பாத்த வர்றது பாய்ட் கிரவுடர். ரேலனோட பத்தொன்பது வயசுல சேர்ந்து சுரங்கத்துல நிலக்கரி வெட்டினவன், இப்போ ஊர் ரவுடி. அவனோட காதலி ஏவாவை டிக்கி சுட்டிருக்கான், அதனால டிக்கியைக் கொல்லத்தான் வந்தான். லொரெட்டாகிட்ட போய்ச் சேர டிக்கி வேணும்னு ரேலன் கேட்க, விட்டுக் கொடுக்கிறான். டிக்கியை முன்னாடி நிறுத்தி மேக்ஸ் வீட்டுக்குப் போறாரு. துப்பாக்கிச் சூடு. ரேலனுக்கு வயித்துப் பக்கத்துல குண்டு. டாய்ல் அவருக்கு மேல நின்னு குறிவைக்கிற நொடியில, தூரத்திலேர்ந்து மார்ஷல் படையோட குறிகாரன் டிம், டாய்லை வீழ்த்திடறான். இந்தச் சண்டை நல்லா எடுத்திருக்காங்க, ஆனா எபிசோட் இதுக்காக எடுத்தது இல்லை.

[திரையில்: மேஜை மேல ஒரு ஜாடி, ரெண்டு கிளாஸ்]

உள்ளே லொரெட்டா ஏற்கெனவே மேக்ஸைக் காலுல சுட்டுட்டா. ரேலன் பேசிப் பேசி அவ கையிலேர்ந்து துப்பாக்கியை வாங்கறாரு. கெய்ட்லின் டெவருக்கு அப்போ பதினாலு வயசுதான். அழுகையை அடக்கிக்கிட்டு அந்தப் பொண்ணு நிக்கிற நிலையைப் பாருங்க.

லொரெட்டா வெளியே போனதும் மேக்ஸ் ரேலனை ஒரு கிளாஸ் குடிக்கச் சொல்றாங்க. அதே ஜாடி, அதே ஆப்பிள் பை. ரெண்டு பேரும் குடிக்கிறாங்க. முதல் எபிசோட் பார்த்த நமக்கு நெஞ்சு அடிச்சுக்குது, எந்தக் கிளாஸ்ல? மேக்ஸ் கையை நீட்டறாங்க, ரேலன் பிடிச்சுக்கறாரு. விஷம் மேக்ஸோட கிளாஸ்லதான்.

வால்ட்டுக்குக் கொடுத்த அதே தண்டனையை, அதே மாதிரி, தனக்கே கொடுத்துக்கிட்டாங்க. அன்னைக்குக் கையைப் பிடிச்சவங்க அவங்க, இன்னைக்கு அவங்க கையைப் பிடிக்க இன்னொருத்தர் வேண்டியிருக்கு. அதுவும் பகையாளிக் குடும்பத்து ஆள், வெளிச் சட்டத்தோட ஆள். செத்துப்போன பசங்களைப் பார்க்கப் போறேங்கிற ஒரு நிம்மதி அவங்க முகத்துல தெரியுது. வெளியில ரேலனோட ஆளுங்க மொத்தமும் நிக்கிறாங்க, ஆனா மேக்ஸ் கையில விலங்கு ஏறலை, கோர்ட்டுப் படியும் மிதிக்கலை. வால்ட்டைக் கொல்ல எந்த நியாயத்தைச் சொன்னாங்களோ, அதுக்குக் கடைசிவரைக்கும் உண்மையா இருந்திருக்காங்க. ஒரு கொலைகாரியோட நேர்மை அது. அவங்க செஞ்சதை நான் மன்னிக்கலை. ஆனா அவங்க சாவு என்னை உலுக்கிடுச்சு, அதை மறைக்க மாட்டேன்.

மலைவாசின்னா சாராயம், கஞ்சா, துப்பாக்கின்னு காட்டறாங்களேன்னு அப்பலேச்சியாவுல பலருக்கு இந்த மாதிரி தொடர்கள் மேல வருத்தம் உண்டு. நியாயமான வருத்தம். தொடரோட பெரும்பகுதியைக் கலிஃபோர்னியாவுல எடுத்தாங்க, காய்ஞ்ச குன்றுகளைப் பார்த்தாலே தெரியும். அந்த ஊரோட நிஜமான துணிச்சல் வேற இடத்துல இருக்கு. 2019 ஜூலையில பிளாக்ஜுவல்ங்கிற நிலக்கரிக் கம்பெனி திவாலாகி, கொடுத்த சம்பளக் காசோலைங்க திரும்பி வந்தப்போ, ஹார்லன் கவுண்டி தொழிலாளிங்க தண்டவாளத்துல உட்கார்ந்து நிலக்கரி ரயிலை மறிச்சாங்க. துப்பாக்கி இல்லாம, குடும்பம் குட்டியோட. இதையும் யாராவது தொடரா எடுக்கணும்னு எனக்கு ஆசை.

லொரெட்டா கதை இந்த எபிசோடோட முடியலை. ஆறாவது சீசன்ல அவ வளர்ந்து வர்றா. கஞ்சா ஒருநாள் சட்டபூர்வமாகும்னு கணக்குப் போட்டு, ஹார்லன்ல நிலம் வாங்கிப் போடறா. பணத்தோட வந்து ஊரை வளைக்கப் பார்க்கிற வெளியாளுக்கு எதிரா, நான் இந்த மண்ணோட பொண்ணுன்னு ஊரார் முன்னாடி நின்னு பேசறா. அந்தக் காட்சியை, இரண்டாவது சீசன்ல மேக்ஸ் ஊர்க்கூட்டத்துல பேசினதோட பக்கத்துல வச்சுப் பாருங்க. யார்கிட்ட பேச்சுப் பழகினான்னு தெரியும்.