தாங்கியில் 31 என்று காட்டிய இரவு

வணக்கம் உறவுகளே. ஆயித்தியமலைப் பக்கம் ஒரு குடிநீர்த் தாங்கியின் அடியில் நிற்கிறேன். வயலுக்கு அப்பால் அந்தப் பனைகள் தெரிகின்றனவா? அங்கேதான் குழாய்க்கிணறும் மோட்டாரும் இருக்கின்றன. இடையில் ஏறத்தாழ 800 மீட்டர். முன்பு ஒருவர் சைக்கிளில் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு, தாங்கி வழியும் நேரத்தில் மறுபடியும் ஓட வேண்டும். இப்போது தாங்கியில் உள்ள மட்டமானியும் கிணற்றடிக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் மோட்பஸ் என்ற மொழியில் பேசிக்கொள்கின்றன.

இதோ, முறுக்கிய இரண்டு கம்பிகள். ஆர்.எஸ்.-485 என்பார்கள். ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும். பெறும் முனை அந்த வித்தியாசத்தை மட்டுமே பார்க்கும். மோட்டாரின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறுவதால் வித்தியாசம் மாறாது. 1200 மீட்டர் வரை இழுக்கலாம்.

பேச்சு மிகவும் சுருக்கமானது. பெட்டி கேட்டால்தான் மட்டமானி வாய் திறக்கும். கேள்வி இது: 1, 3, 0, 0, 0, 1. முதல் 1 மட்டமானியின் எண். 3 என்றால் ‘ரெஜிஸ்டரை வாசி’. ரெஜிஸ்டர் என்பது கருவி ஓர் அளவை எண்ணாக வைத்திருக்கும் இடம். அடுத்த இரண்டு சுழியங்கள் எந்த ரெஜிஸ்டர் என்பதைச் சொல்கின்றன. கடைசி இரண்டும் எத்தனை வேண்டும் என்பதை. இந்த எண் ஒவ்வொன்றும் ஒரு பைட், அதாவது 0 முதல் 255 வரையான ஓர் எண். பின்னால் பிழை பார்க்க இன்னும் இரண்டு பைட்டுகள் வரும். பதில்: 1, 3, 2, 1, 24. ‘2’ என்றால் இரண்டு பைட்டுகள் தருகிறேன் என்று பொருள். 1-ஐ 256 ஆல் பெருக்கி 24-ஐக் கூட்டுங்கள்: 280. தாங்கியில் 280 சென்டிமீட்டர் தண்ணீர்.

இதில்தான் நான் தவறினேன். கையேட்டில் மட்டத்தின் ரெஜிஸ்டர் 40001 என்று இருந்தது. கம்பியில் அதை 0 என்றே கேட்க வேண்டும். முன்னால் உள்ள 4 ரெஜிஸ்டரின் வகையை மட்டுமே சொல்கிறது, மீதி 1 என்பது முதலாவது ரெஜிஸ்டர். கம்பியிலோ எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குகிறது. நான் 1 என்று எழுதிவிட்டேன். பக்கத்து ரெஜிஸ்டரிலிருந்து 31 வந்தது. பிழைச் சோதனை சரி, பதிலும் சரி. ஆனால் அது 31 பாகை வெப்பநிலை. பெட்டி அதை 31 சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொண்டு இரவு முழுவதும் மோட்டாரை ஓட்டியது. விடியும்போது கீழ்வீட்டு அக்காவின் கத்தரிப் பாத்தி கரைந்துபோயிருந்தது. அவர் ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

மோட்பஸ் 1979 இல் மோடிகான் நிறுவனம் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக உருவாக்கியது. அது எண்ணை மட்டுமே சுமக்கும். என்ன அளவு, என்ன அலகு, எந்த நேரம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கடவுச்சொல்லும் கிடையாது, ஆகவே அதை இணையத்தில் திறந்து விடவே கூடாது. மின்சார, நீர் வலையமைப்புகளில் ஓடும் டி.என்.பி.3 போன்ற வேறு மொழிகள் நேர முத்திரையையும், அளவு நம்பத்தக்கதா என்ற குறியையும் சேர்த்து அனுப்புகின்றன.

தாங்கி மட்டம் என் கைப்பேசிக்கு வருவது எம்.கியூ.டி.டி. என்ற இன்னொரு மொழி வழியாக. 1999 இல் செயற்கைக்கோள் வழியாக எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க உருவானது அது. எனக்குப் பிடித்த அம்சம், கருவி இணைப்பு எடுக்கும்போதே ‘நான் திடீரென அறுந்துபோனால் இதைச் சொல்’ என்று ஒரு செய்தியை நடுவிலுள்ள சேவையகத்திடம் ஒப்படைத்துவைப்பது. அது இல்லாவிட்டால் தொடர்பு போன பிறகும் பழைய 280 திரையில் அப்படியே நிற்கும், நாமும் நம்பிக்கொண்டிருப்போம்.

இப்போது மூன்று கேள்விகளுக்குத் தொடர்ந்து பதில் வராவிட்டால் மோட்டார் நின்றுவிடும். அதற்கும் மேலாக, தாங்கியின் வாயில் ஒரு மிதவைச் சுவிட்ச். அது எந்த மொழியையும் நம்பாமல், தனிச் சோடிக் கம்பியில் நேரே மோட்டாரின் தொடுப்பானை, அதாவது அதற்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சை, வெட்டும். பாருங்கள், கையால் தூக்குகிறேன். கிணற்றடியில் நிற்கும் தம்பி அழைக்கிறான், கேளுங்கள்: “அண்ணா, மோட்டார் நின்றுவிட்டது.”