மலையேறாத டெஸ்ட் டிரைவ்

வணக்கம். கோத்தகிரியிலிருந்து பேசுகிறேன். புதிய கார் ஒன்று வாங்குவதற்காகக் கோயம்புத்தூர் ஷோரூம்களில் ஏறி இறங்கியதைப் பற்றியே இன்றைய காணொளி. எந்த ஷோரூம் என்று நான் சொல்லப் போவதில்லை. போன இடமெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்.

முதலில் விலை. சாலை வரியும் காப்பீடும் சேராத எக்ஸ்-ஷோரூம் விலை நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் சாலை வரியும் ரகசியமில்லை: 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான சொந்த உபயோகக் காருக்கு 13 சதவீதம், அதைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். ஆக, எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலையை ஏறக்குறைய வீட்டிலேயே கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் ஷோரூமிலோ, கைபேசி எண்ணை வாங்கி, "எப்போது சார் புக் பண்றீங்க?" என்று பலமுறை கேட்ட பிறகுதான் கொட்டேஷன் கைக்கு வருகிறது, வந்த தாளிலும் வண்டியைக் கொண்டுவந்து வைத்ததற்கென்று டீலர் போடும் ஹேண்ட்லிங் சார்ஜ், நாம் கேட்காத ஆக்சஸரீஸ், அவர்கள் தேர்ந்தெடுத்த இன்சூரன்ஸ் என்று நம் கணக்கில் இல்லாத தொகைகள் முளைத்திருக்கின்றன. புதிய காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பர் முதல் கட்டாயம் என்பது உண்மை; அதை யாரிடம் வாங்குவது என்பது நம் விருப்பம். வெளியில் வாங்கிக்கொள்கிறேன் என்று நான் சொன்னவுடன், அதுவரை தருவதாக இருந்த தள்ளுபடி சத்தமில்லாமல் சுருங்கிவிட்டது.

அடுத்தது பதிவு எண். 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு வரும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும், நீலகிரியிலேயே பதிவான டி.என். 43 வண்டிகளுக்கு வேண்டாம். இங்கே குடியிருக்கும் எனக்கு உதகை ஆர்.டி.ஓ. பதிவுதான் முறை. அதைக் கேட்டால், கோவைப் பதிவென்றால் சீக்கிரம் முடியும், ஊட்டி என்றால் டெலிவரி தள்ளிப்போகும் என்கிறார்கள். அவர்களுடைய வசதிக்காக நான் ஏன் என் வீட்டுக்கே இ-பாஸ் எடுத்து வர வேண்டும்?

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஷோரூமுக்கு நேரில் போவதே வண்டியை ஓட்டிப் பார்க்கத்தான் அல்லவா? அவிநாசி சாலையில் நேராகப் போய்த் திரும்பி வருவதற்குப் பெயர் டெஸ்ட் டிரைவ். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். 2,240 மீட்டரில் இருக்கும் உதகையில் அது ஐந்தில் ஒரு பங்கையும் தாண்டும். நால்வரும் பெட்டிகளுமாகக் கொண்டை ஊசி வளைவில் எதிரே பேருந்து வந்து நின்றுவிட்டால், இரண்டாம் கியர் இழுக்குமா, பின்னால் உருளாமல் கிளம்புமா, இறக்கத்தில் எஞ்சினே வேகத்தைப் பிடித்து நிறுத்துமா என்பதெல்லாம் சமவெளிச் சாலையில் தெரியவே தெரியாது. மலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். மேட்டுப்பாளையம் வரை கொண்டு வருகிறோம், கோத்தகிரி மலைப்பாதையிலுள்ள குஞ்சப்பனைக்கு மேல் ஏற்ற எங்களுக்கு அனுமதி இல்லை என்றார்கள்.

அப்படியானால் இணையத்தில் வாங்கிவிட வேண்டியதுதானே என்று சிலர் கேட்கக்கூடும். பெரும்பாலான நிறுவனங்களின் ஆன்லைன் புக்கிங், அருகிலுள்ள டீலரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதோடு சரி. மறுநாள் அதே விற்பனையாளர்தான் அழைக்கிறார். மெர்சிடிஸ் பென்ஸ் 2021-இல் இந்தியாவில் வேறு வழியைத் தொடங்கியது: நாடெங்கும் ஒரே விலை, பில் நிறுவனத்தின் பெயரில், டீலருக்குக் கமிஷன். அந்தக் கார் நம் கைக்கு எட்டாது. அந்த முறையைச் சின்னக் கார்களுக்கும் கொண்டுவருவதில் என்ன தடை என்பது எனக்கு விளங்கவில்லை. டீலரின் வேலை வண்டியைக் காட்டுவதும் ஓட்டக் கொடுப்பதும்தான் என்று ஆகிவிட்டால், ஒரு டெமோ காரையாவது குன்னூரிலோ உதகையிலோ நிறுத்த வேண்டிய அவசியம் அவர்களுக்கே வரும்.

நீலகிரியில் அண்மையில் கார் வாங்கியவர்கள், ஆன்-ரோடு பில்லில் ஹேண்ட்லிங் சார்ஜ் என்று எவ்வளவு போட்டிருந்தார்கள், கேட்டபோது அதை எடுத்தார்களா என்பதைக் கீழே எழுதுங்கள். அடுத்த முறை பேரம் பேசப் போகும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு போகிறேன்.